எஞ்சின் போன காரணம்

ஒரு மோட்டார் ஹோமுக்கு, அதாவது வீடுபோல் வசதிகள் கொண்ட பெரிய வண்டிக்கு, புதுப்பித்த டீசல் எஞ்சினை ஏற்றித் தர ஒப்புக்கொள்ளும்போது, பழைய எஞ்சின் எதனால் போனது என்பது தெளிவாகும்வரை அடுத்ததற்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்டாரியோவில் டீசல் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கருத்தை அழுத்தமாக உணர்த்தியது 1996ஆம் ஆண்டு வண்டி ஒன்று. குளிர்காலத்தை ஃபுளோரிடாவில் கழித்துவிட்டு வசந்தத்தில் ஊர் திரும்பும் வயதான தம்பதிக்குச் சொந்தமானது. ஐ-75 நெடுஞ்சாலையில், டென்னசி மாநிலத்தின் ஜெலிகோ மலை ஏற்றத்தில் அது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி ஆறவைத்து எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எண்ணெய் குறையத் தொடங்கியது, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தது.

"வண்டிக்கு வயதாகிவிட்டது, வேறு எஞ்சின் போட்டுவிடுங்கள்" என்றார் உரிமையாளர். வயது காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதில் இருந்தது கம்மின்ஸ் பி வரிசையின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு எஞ்சின், 230 குதிரைத்திறன், முழுக்க இயந்திர முறையில் இயங்கும் பாஷ் பி7100 டீசல் பம்ப். லாரிகளிலும் பிக்கப் வண்டிகளிலும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக்கூடக் கழற்றாத இதே எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டாத வண்டியில் அது தேய்ந்துபோகக் காரணமில்லை.

இவ்வகை வண்டிகளில் எஞ்சின் பின்புறம், படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். கட்டிலை நிமிர்த்தி, தரையிலுள்ள மூடியை எடுத்து, ஹெட்டைத் தூக்கிப் பார்த்தோம். ஐந்தாவது சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாக, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. வெப்பத்தில் பிஸ்டன் விரிந்து சுவரோடு உரசியிருக்கிறது. எண்ணெய் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தபோது அலுமினியத் துகள்கள் மினுங்கின. என்ன நடந்தது என்பது இவ்வளவில் தெரிந்துவிட்டது; ஏன் நடந்தது என்பதைத்தான் இனி தேட வேண்டும்.

பின்பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ரேடியேட்டர் முகம் சுத்தமாகவே இருந்தது. ஆனால் அந்த அமைப்பில் விசிறி எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் காற்றைத் தள்ளுகிறது. காற்று முதலில், டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரைக் கடந்து, பிறகே ரேடியேட்டருக்குள் நுழைகிறது. ஆகவே அழுக்கு சேரும் இடம் எஞ்சினைப் பார்த்திருக்கும் இண்டர்கூலர் முகம். வண்டிக்கு அடியில் படுத்து, கையில் விளக்கைப் பிடித்துப் பார்க்காதவர் கண்ணில் அது ஒருபோதும் படாது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் விசிறிக்குச் சற்று முன்னால் முடிந்திருந்தது. அதிலிருந்து வரும் எண்ணெய்ப் படலத்தை விசிறி இண்டர்கூலரில் தெளிக்க, சாலைப் புழுதி அதன்மேல் ஒட்ட, ஆண்டாண்டாகச் சேர்ந்த அந்தப் பிசுக்கு ஈரக் கம்பளித் துண்டைப் போலக் கையோடு உரிந்து வந்தது. குளிராத காற்று உள்ளே போனதால் எரிப்பின் வெப்பம் ஏறியது. மறுபுறம் ரேடியேட்டருக்கும் காற்று கிடைக்கவில்லை. எஞ்சின் தேயத் தேயப் பிரீதரில் எண்ணெய் கூடுதலாக வரும். அடைப்பும் அதற்கேற்ப வளரும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை எஞ்சின்களை ஏற்றினாலும் அடுத்த மலையேற்றத்தில் அதே கதைதான்.

உரிமையாளரைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த முகத்தைக் காட்டினோம். இண்டர்கூலர், ரேடியேட்டர் இரண்டையும் தனித்தனியாக இறக்கிக் கழுவுவதற்கான கூலியை அதன் பிறகு அவர் மறுக்கவில்லை. அழுக்கைக் கரைக்கும் திரவத்தை ஊறவிட்டு, வெந்நீரை மெதுவான அழுத்தத்தில் அடித்துத்தான் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் மெல்லிய துடுப்புகள் மடங்கி, சுத்தம் செய்த கையே அடைப்பை உண்டாக்கிவிடும்.

ஆர்டர் கொடுக்கும் முன் எஞ்சின் தகட்டிலுள்ள சிபிஎல் எண்ணை, அதாவது அந்த எஞ்சினின் உள்ளுறுப்புகள் எவை என்று காட்டும் கம்மின்ஸ் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொண்டோம். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு 5.9 எஞ்சின்களில் பிஸ்டனும் கேம் ஷாஃப்டும் வேறாக இருக்கலாம். அந்த எண்தான் நம்பத்தகுந்த அடையாளம். வந்தது லாங் பிளாக், அதாவது பிளாக்கும் ஹெட்டும் உள்ளுறுப்புகளும் மட்டும். பம்ப், டர்போ, மேனிஃபோல்டு ஆகியவை பழையதிலிருந்து மாற வேண்டியவை. அவற்றோடு பழைய ஆயில் கூலரையும் சேர்த்து மாட்டிவிடும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உலோகத் துகள் ஓடிய எண்ணெய் அதன் தகடுகளுக்கிடையே போய்த் தங்கியிருக்கும். எவ்வளவு அலசினாலும் முழுவதும் வெளியேறாது. பிறகு ஒருநாள் கிளம்பி வந்து புதுப் பேரிங்கைத் தின்னும். புதிய கூலர் போட்டோம். பற்சக்கர உறையை நிலைநிறுத்தும் டவல் பின் என்ற சிறு உலோக முளை கழன்று பற்சக்கரங்களுக்குள் விழாதபடி தடுப்புத் தகடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டு வால்வு எஞ்சின்களில் எல்லோரும் அறிந்த பலவீனம் அது.

எஞ்சினை வெளியே எடுக்க, ரேடியேட்டர் தொகுதியை இறக்கியபின் பின்புறமாக இழுக்க வேண்டும். அந்த வேலையின்போது வண்டியின் எடையை ஏர் சஸ்பென்ஷனோ சமன்படுத்தும் ஜாக்குகளோ தாங்கக் கூடாது. சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் யாரையும் கீழே நுழைய விடமாட்டோம். அரை டன் இரும்பு நகரும்போது காற்றுப் பையை நம்புவது உயிரோடு விளையாடுவது.

ஏற்றும்போது பொறுமையைச் சோதிப்பது ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர், அதாவது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி. அது உள்ளே முழுவதும் அமர்ந்த பிறகே எஞ்சினும் கியர்பாக்ஸும் முகத்தோடு முகம் சேர வேண்டும். சேர்ந்தபின் கன்வர்ட்டர் கையால் சுழல வேண்டும். எஞ்சினோடு சுழலும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகட்டைத் தொட அதைச் சற்று முன்னால் இழுக்க வேண்டியிருக்க வேண்டும். இடைவெளி தெரிகிறதே என்று போல்ட்டை முறுக்கி இரண்டு முகங்களையும் நெருக்கினால், கியர்பாக்ஸின் பம்ப் உடையும்.

முன்புற டேங்கிலிருந்து பின்னால் வரும் பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றினோம். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் அவை விறைத்து, காற்றை உள்ளே இழுக்கும். பிரீதர் குழாயை ரேடியேட்டரையும் தாண்டிக் கீழே முடியும்படி நீட்டினோம். வால்வு இடைவெளியை இன்டேக்கில் 0.25, எக்ஸாஸ்டில் 0.51 மில்லிமீட்டர் என்று வைத்து, எண்ணெய் அழுத்தம் வந்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம்.

புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் படிய வேண்டுமானால் எஞ்சினுக்குச் சுமை வேண்டும். வெறுமனே மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிட்டால் சுவர் வழுவழுப்பாகி, ரிங் படியாமலே போய்விடும். எனவே கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு வண்டியைச் சாலைக்கு எடுத்து, ஹாமில்டனில் 403 நெடுஞ்சாலை ஆங்காஸ்டருக்கு ஏறும் சரிவில் ஓட்டினோம். உரிமையாளர் பக்கத்தில் இருந்தார். ஏற்றத்தில் உயர் கியரிலேயே திணறவிடாமல் ஒரு கியர் இறக்கினால் விசிறியும் நீர்ப் பம்பும் வேகமாகச் சுற்றி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அங்கேயே அவருக்கு ஓட்டிக் காட்டினேன். வெப்பமானி ஏற்றம் முழுவதும் அசையவில்லை. அடுத்த வசந்தத்தில் ஃபுளோரிடாவிலிருந்து திரும்பியதும், எஞ்சின் பக்கத்து இண்டர்கூலர் முகத்தைப் பார்த்துக் கழுவுவதற்காக வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று பில்லின் கீழேயே எழுதிக் கொடுத்தோம்.