இரண்டாம் சுற்றுக்கு எந்தப் பாட்டு?

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டின் டிசம்பரில், அலுவலகத்தின் ஆண்டிறுதி விருந்து முடிந்து பன்னிரண்டு பேர் ஒரு கரோக்கே அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தபோது, புதியவன் என்பதால் முதல் பாட்டு என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது முழுதாகப் பாடத் தெரிந்த ஜப்பானியப் பாடல்கள் நான்கே நான்கு. அவற்றில் ஒன்றின் பெயர் 'கன்பாய்'. கோப்பையை உயர்த்தும்போது அவர்கள் சொல்லும் சொல்லே அதுதான். மெதுவான பாட்டு என்று தெரிந்திருந்தும், குடிக்கிற இடத்தில் இந்தப் பெயரே போதும் என்று நம்பி அதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வரி முடிவதற்குள், டாம்பரின் வைத்திருந்த பெண் அதைச் சத்தம் வராமல் மேசைமேல் வைத்துவிட்டார். எங்கள் பிரிவுத் தலைவர், தளர்த்தியிருந்த கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாகபுச்சி ட்சுயோஷி 1980இல் ஓர் இசைத்தொகுப்புக்காகப் பாடி, 1988இல் மறுபடியும் பதிவுசெய்து பெரும் வெற்றி கண்ட அந்தப் பாட்டு, நண்பனின் புதுவாழ்வை நிதானமாக வாழ்த்துவது. திருமண விருந்துகளில் பலரும் பாடுவது. அன்று அந்த அறையில் கல்யாணம் மட்டும்தான் இல்லை.

விருந்தை இவர்கள் 'நொமிகாய்' என்பார்கள். அது முடிந்து மற்றோர் இடத்துக்கு நகர்வது 'நிஜிகாய்', அதாவது இரண்டாம் கூட்டம். பாட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் கூட்டத்துக்குத்தான் வேண்டியிருக்கின்றன. எல்லோரும் ஏற்கெனவே இரண்டு மணி நேரம் பேசிக் களைத்திருப்பார்கள். அப்போது வேண்டியது 'மொரியகருகிற' பாட்டு. கூட்டம் களைகட்டுவதற்கு இவர்களுடைய சொல் அது. நான் 'கன்பாய்' பாடியபோது நடந்ததற்கு 'ஷிரகேரு' என்று தனிச்சொல் இருக்கிறது. களைகட்டும் பாட்டு என்றால் வேகமான பாட்டு என்று சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. பாடுகிறவர் எவ்வளவு வேகமாகப் பாடுகிறார் என்பதைவிட, பாடாதவர்களுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்பதே முக்கியம்.

அந்த வேலைக்கு 'ஐ-நோ-தே' என்று பெயர். வரிகளுக்கு நடுவே மற்றவர்கள் போடும் குரலும் கைதட்டலும்தான் அது. எனக்கு இதைப் புரியவைத்தது 'ககுஎன் தெங்கோகு' என்ற பழைய பாட்டு. ஒகினவாவைச் சேர்ந்த உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர் கொண்ட ஃபிங்கர் 5 குழு 1974இல் பாடியது. 1989இல் கொய்சுமி கியோகோ மறுபடி பாடியதால் அடுத்த தலைமுறைக்கும் தெரிந்தது. பாட்டு தொடங்குவதே, பாடுகிறவர் 'ஹே ஹே' என்று கூவ, மற்றவர்கள் அதைத் திருப்பிக் கூவுவதில்தான். அதாவது, முதல் சொல் வருவதற்கு முன்பே அறை முழுவதும் பாட ஆரம்பித்துவிடுகிறது. வகுப்பில் இடம் மாற்றும்போது அழகான பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்ற ஏக்கத்தைத் தவிர அந்தப் பாட்டில் வேறு விஷயமே கிடையாது. அந்த நேரத்தில் அதற்கு மேல் விஷயம் தேவையும் இல்லை. பீஸ் இரட்டையரின் 'அல்ட்ரா சோல்' இன்னும் எளிது. 2001இல் ஃபுகுவோகாவில் நடந்த உலக நீச்சல் போட்டிக்கான பாட்டு அது. பெயரை ஒருவர் பாடி முடித்ததும் அத்தனை பேரும் 'ஹய்!' என்று ஒருமுறை குதித்தால் போதும். மொழியே தெரியாதவர்கூட இரண்டாவது முறை சரியாகக் குதித்துவிடுவார்.

நம் திரைப்பாடல்களில் ஊறிய காதுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குப் பல்லவிதான் முதலில் வரும். ஜப்பானியப் பாட்டில் பெரும்பாலும் இரண்டு மெட்டுத் துண்டுகளைக் கடந்த பிறகே, அவர்கள் 'சபி' என்று சொல்லும் பல்லவி வருகிறது. நமக்குப் பிடித்திருப்பது அந்தச் சபி மட்டும்தான் என்றால், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தைத் திரையைப் பார்த்து முணுமுணுத்தே கடத்த வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் ஆளாளுக்கு அடுத்த கோப்பைக்கு ஆணை கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகையால், ஒரு பாட்டைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் சபிக்கு முந்தைய பகுதியைத்தான் நான் முதலில் பாடிப் பார்க்கிறேன்.

இந்த விதியை மீறியும் வெல்லுகிற ஒரே பாட்டு, என் கணக்கில், தி புளூ ஹார்ட்ஸின் 1987ஆம் ஆண்டுப் பாட்டான 'லிண்டா லிண்டா'. சாக்கடை எலியைப் போல அழகாக இருக்க வேண்டும் என்று மென்மையாக, ஏறக்குறைய தாலாட்டைப் போலத் தொடங்குகிறது. அடுத்து என்ன வரும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த அமைதியிலேயே ஒவ்வொருவராக எழுந்து, காலணியைச் சரிசெய்து, கோப்பைகளைச் சுவரோரம் நகர்த்தி வைப்பார்கள். முரசு விழுந்ததும் பெயரைக் கத்திக்கொண்டே குதிப்பதைத் தவிர எதுவும் இல்லை. சுருதி சேர்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். குரல் வளமில்லாத என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது என்று சொல்வேன்.

பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பழகினேன். திரையில் 'கான்ஜி' எனும் சீன வழி எழுத்துகளின் தலைமேல், உச்சரிப்பைக் காட்டும் சிறிய ஹிராகனா எழுத்துகள் வருமென்றாலும், வேகமான பாட்டில் அதைப் படிக்க எனக்கு நேரம் போதாது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்ற நம் கணக்கு ஜப்பானியத்துக்கு அப்படியே பொருந்துவது பெரிய வசதி. ஆனால் நமக்கு அரை மாத்திரையான மெய், அங்கே 'ன்' வடிவில் வரும்போது முழு மாத்திரை பிடிக்கிறது. அதை விழுங்கினால் தாளத்துக்கு முன்னால் ஓடிவிடுவோம். ககரமும் காலை வாரும். சரிவைக் குறிக்கும் சொல்லைச் 'சக' என்று எழுதினால் நம் வாய் அதை மெலிதாக்கிவிடுகிறது. 'சக்க' என்று அழுத்தினால் அது எழுத்தாளர் ஆகிவிடுகிறது. சரிவில் ஏற வேண்டியவன் எழுத்தாளர்மேல் ஏறிக்கொண்டிருந்ததை, ஒரு தோழி மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார்.

மூத்தவர்கள் இருக்கும் அறையில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒருவர் வழக்கமாகப் பாடும் பாட்டை 'ஜூஹச்சிபன்', அதாவது பதினெட்டாம் எண் என்பார்கள். இச்சிகாவா குடும்பம் தனக்கெனத் தேர்ந்துவைத்த பதினெட்டு கபுகி நாடகங்களிலிருந்து வந்த வழக்கு என்று சொல்வதுண்டு. மேலதிகாரியின் பதினெட்டை நாம் முந்திக்கொண்டு பாடுவது, அவருடைய நாற்காலியில் போய் உட்காருவதைப் போன்றது. இளையவர்கள் மட்டுமே என்றால் 1995இல் வந்த 'சங்கொகு ந தென்ஷி நோ தேஸே' போன்ற அனிமே பாட்டுகள் எடுத்த எடுப்பிலேயே எடுபடும்; சுருதியைக் குறைத்துக்கொள்ள ரிமோட்டிலேயே பொத்தான் இருக்கிறது, வெட்கப்படாமல் அழுத்தலாம். நீண்ட இடையிசை உள்ள ராக் பாட்டுகள் எதுவானாலும் தவிர்த்துவிடுகிறேன். கிதார் தனியாக அழுதுகொண்டிருக்கும்போது ஒலிவாங்கியைப் பிடித்தபடி நிற்பதைப் போன்ற தண்டனை வேறில்லை.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் மாட்டிய தொலைபேசி ஒலிக்கும். நீட்டிப்பு வேண்டாம் என்று யாராவது சொல்வதற்குள், எங்கள் பிரிவுத் தலைவர் தமது பதினெட்டை அழுத்திவிடுவார்: சாய்ஜோ ஹிதேகி 1979இல் பாடிய 'யங் மேன்'. அமெரிக்கப் பாட்டின் ஜப்பானிய வடிவம்தான். அந்த ஆண்டு தொலைக்காட்சியின் 'தி பெஸ்ட் டென்' நிகழ்ச்சியில் முழுமதிப்பெண்ணான 9999ஐப் பெற்ற பாட்டு என்பதை, ஒவ்வொரு டிசம்பரிலும் முதன்முறை போலவே அவர் எங்களுக்குச் சொல்வார். ஒய், எம், ஸி, ஏ என்று கைகளால் எழுத்துகளைக் காட்ட வேண்டும். ஒய்யிலும் ஏயிலும் குழப்பம் இல்லை. ஸிக்கு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதில்தான் எங்கள் பிரிவில் இன்றுவரை ஒற்றுமை ஏற்படவில்லை. நான் எதிரே நிற்கும் அவரைப் பார்த்தே வளைவதால், அறையில் என் ஸி மட்டும் எப்போதும் தலைகீழாக இருக்கிறது என்கிறார்கள்.