செயற்கைக்கோள் படத்தில் தெரியாத கடல்புல்

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. ஆவுளியா (மீனவர்கள் கடற்பசுவை அப்படித்தான் சொல்வார்கள்) வாழ்வதே கடல்புல்லை மேய்ந்துதான். அந்தப் புல் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் எதைக் காப்பது? மல்லிப்பட்டினம், மனோரா பக்கத்துக் கடலில் வரைபடம் போட நான் இறங்கியது அதனால்தான்.

சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு புள்ளி என்பது தரையில் பத்துக்குப் பத்து மீட்டர். ஆனால் வாடைக்காற்றுக் காலத்துப் படங்களில் கலங்கல் தண்ணீர்தான் தெரியும். மேகமே இல்லாவிட்டாலும், அலையில் வெயில் பளபளத்தால் அந்தப் படமும் உதவாது. காற்று தணிந்து நீர் தெளிந்த நாட்களின் படங்களை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) போய்ச் சரிபார்க்க வேண்டும். குறித்த இடத்தில் மூழ்கி, அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் என்ன புல், எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். புல் இல்லாத இடங்களையும் அதே அக்கறையோடு குறித்துக்கொள்ளுங்கள்: மணல், சேறு, பாசி எல்லாவற்றையும். மேலிருந்து பார்த்தால் பாசியும் புல்லும் ஒரே கறுப்புதான்.

உண்மையான சிக்கல் புல்லின் இனத்தில் இருக்கிறது. சைமோடோசியா அடர்ந்து வளர்வதால் படத்தில் பளிச்சென்று தெரியும். ஹாலோஃபிலாவுக்குச் சின்னஞ்சிறு இலை. மணலோடு மணலாக விட்டுவிட்டுப் படரும். அது இருக்கும் இடம் படத்தில் வெறும் மணலாகத்தான் விழும். ஆவுளியா விரும்பித் தின்பதோ ஹாலோஃபிலா, ஹாலோடூல் மாதிரியான மென்மையான புற்களை. படத்தை மட்டும் நம்பியிருந்தால் மேய்ச்சல் நிலமே விடுபட்டுப் போயிருக்கும்.

அதைக் காட்டிக்கொடுத்தவர் வல்லம் ஓட்டிய அண்ணன். "ரெண்டு பாகத்துல இங்க சின்னப் புல்லு கெடக்கும் தம்பி, எறங்கிப் பாருங்க" என்றார். (பாகம் என்பது மீனவர்கள் கடலாழத்தைச் சொல்லும் அளவு.) இறங்கினால் புல் இருந்தது. பக்கத்திலேயே, வேரோடு மேய்ந்துபோன தடம் வாய்க்கால் மாதிரி நீண்டு கிடந்தது.

இந்த வரைபடத்தைக் காட்டி நாளைக்கு மீன்பிடிக்கத் தடை போடுவார்களோ என்ற பயம் மீனவர்களுக்கு உண்டு. நியாயமான பயம். அதனால் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுப்பதற்கு முன், பெரிதாக அச்செடுத்து மீன் ஏலம் நடக்கும் இடத்தில் விரித்து வைத்தேன். எல்லைகளைத் திருத்தினார்கள். திருத்திய இடங்களில் மறுபடியும் மூழ்கிப் பார்த்து, சின்னப் புல் உள்ள பகுதிகளுக்குத் தனி நிறம் கொடுத்தேன்.