அவரை பூக்கும் வரை

ஜூலை 18, 2023
நேற்று ஆடி பிறந்தது. மேடவாக்கம் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு இருபதடி இடம். வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லி இன்னமும் மண்வெட்டியில் ணங்கென்று மோதுகிறது. வெண்டை, கத்தரி, கொத்தவரை விதைத்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து அம்மா மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பிய கொடி அவரை விதை ஒன்பது இருந்தது. பாத்தியில் இடம் தீர்ந்துவிட்டதால் மதில் ஓரத்து மண்மேட்டில் ஊன்றினேன்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. ஒன்பதில் ஏழு முளைத்துவிட்டது. கத்தரி நாற்றுகளை மட்டும் ராத்திரி யாரோ மேய்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் நத்தை, பதினோரு உருப்படி!

செப்டம்பர் 9
வெண்டை ஒரு வாரம் அள்ளிக் கொடுத்தது. இப்போது இலை மஞ்சளாகி நரம்பு நரம்பாகத் தெரிகிறது. வெள்ளை ஈ கொண்டுவருகிற தேமல் நோய். வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்க வேண்டியதுதான். ஆறு செடி போச்சு.

அந்தக் கோபத்தை பப்பாளியிடம் காட்டியதுதான் தப்பு. இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும் என்று தெரிந்தும், கை நடுங்காமல் இரண்டு மூடி ஊற்றி, மொட்டை வெயிலில் அடித்தேன். சாயங்காலம் பார்த்தால் இலையெல்லாம் வெந்துபோயிருந்தது. பூச்சி சௌக்கியம். இதே மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் பரவியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கடுகைவிடச் சிறிய ஒரு குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி இந்தப் பக்கம் வந்திருந்தால் அதையும் சேர்த்தே வேகவைத்திருப்பேன்.

அக்டோபர் 21
எலுமிச்சைக் கன்றில் காக்கை எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். எச்சம் நகர்ந்தது! வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம்போலவே இருக்கிறது, பெருத்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடுகிறது. குச்சியால் மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பிளவுபட்ட கொம்பு ஒன்று விருட்டென்று நீண்டது. கூடவே புளித்த எலுமிச்சைத் தோல் நாற்றம். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவை தொடுப்பா” என்றாள். நான்கு கிளையில் ஒன்றைப் புழுக்களுக்கு விட்டாயிற்று. அவை நான்கையும் எடுத்துக்கொண்டன, அது வேறு கதை.

நவம்பர் 12
தீபாவளி. அவரை மதிலைத் தாண்டி மொட்டைமாடித் துணிக்கொடி வரை ஏறிவிட்டது. பூ ஒன்றுகூட இல்லை. “துணி காயப்போட இடமில்லை, வெட்டிடுங்க” என்கிறாள் மனைவி. அம்மாவுக்குப் போன் போட்டு, மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம் ஊற்றலாமா என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஊத்தாத. பனி விழட்டும்டா. ஐப்பசியில அவரைக்காய் கேட்டா அது எங்க போகும்?”

அம்மா ‘பனி’ என்று சொல்வது பகல் குறைவதை. பழைய நாட்டு ரகங்கள் பகல் சுருங்கினால்தான் பூவெடுக்கும். சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். எனக்கு அது உறைத்ததே இல்லை, கொடிக்கு உறைக்கிறது.

டிசம்பர் 6
மிக்ஜாம். 3-ஆம் தேதி இரவு பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. பின்பக்கம் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் கணுக்கால். புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறிப் போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. கரண்ட் இப்போதுதான் வந்தது.

பப்பாளி இலை தொங்கிவிட்டது. அதன் வேர் இரண்டு நாள் நீரைத் தாங்காது. கத்தரி, கொத்தவரை மீது சேறு. மண்மேட்டில் இருந்ததால் அவரை மட்டும் எதுவும் நடக்காததுபோல நிற்கிறது. நல்லவேளை, பாத்தியில் அதற்கு இடமில்லாமல் போனது.

டிசம்பர் 22
மார்கழி 6. பல் விளக்கிக்கொண்டே மாடிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். துணிக்கொடி நெடுக ஊதாப் பூ. கொத்துக் கொத்தாக, மேல் நுனியில் மொட்டு, கீழே விரிந்தது.

பின்னாலேயே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்துவிட்டது. இந்த முறை வேப்பெண்ணெயைத் தொடவில்லை. பனி ஈரம் காய்வதற்குள் சாம்பல் தூவினேன், அவ்வளவுதான்.

ஜனவரி 15, 2024
பொங்கல். முக்கால் கிலோ இருக்கும். பூசணியும் மொச்சையும் வாங்கியது, அவரை மட்டும் வீட்டுக் காய். கூட்டில் முதலில் அதைத்தான் தேடினேன்.

விதைக்கு நெற்றாக விட வேண்டும் என்று நல்ல காய்களாகப் பார்த்து ஐந்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். மதியம் மாடியில் பார்த்தால் ஒன்றையும் காணோம். கேட்டால், “பறிக்கிறதுக்குத்தானே அடையாளம் வெச்சிருந்தீங்க?” என்கிறாள் மனைவி. நூலைப் பத்திரமாக ஜன்னலில் வைத்திருக்கிறாளாம்.