அடுத்த இதழில் திருத்தம்

எங்கள் மாத இதழின் நான்காம் பக்கத்தில், பொருளடக்கத்துக்குக் கீழே, ‘திருத்தம்’ என்ற தலைப்பில் ஒரு சிறிய கட்டம் இருக்கும். சென்ற மாத இதழில் எந்தப் பக்கத்தில், எந்தச் சுற்றுப்படத்தில், எந்த மின்தடையின் மதிப்பு தவறாக அச்சாகிவிட்டது, சரியான மதிப்பு என்ன என்பதை மூன்று நான்கு வரிகளில் அங்கே சொல்லியிருப்போம். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்காக வெளிவந்த அந்த இதழில் நான் பதினேழு ஆண்டுகள் தொழில்நுட்பத் துணையாசிரியராகப் பணியாற்றினேன். அச்சகத்திலிருந்து கட்டுப் பிரிக்காமல் வரும் முதல் பிரதிகளில் ஒன்றை எடுத்து மற்றவர்கள் அட்டைப்படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும்போது, என் விரல் நான்காம் பக்கத்தைத் தேடிப் போகும்.

அந்த இதழ் நின்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எங்களுடையதைப் போன்றவை உலகெங்கும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலம் அது. கணிப்பொறியைத் தாங்களே கட்டிப் பார்த்தவர்களுக்காக 1975 செப்டம்பரில் தொடங்கிய ‘பைட்’ 1998 ஜூலை இதழோடு நின்றிருந்தது. வானொலி அலைவரிசைகளைத் தேடிக் கேட்பவர்களின் ‘மானிட்டரிங் டைம்ஸ்’ 2013 டிசம்பரோடு முடிந்தது. 1937 முதல் வந்துகொண்டிருந்த ‘பாப்புலர் ஃபோட்டோகிராஃபி’ தன் அச்சு இதழை 2017-இல் நிறுத்தியது. கைவினையும் மின்னணுவியலும் கலந்த ‘மேக்’ இதழை 2005-இல் தொடங்கி நடத்திய நிறுவனம் 2019-இல் பணியாளர்கள் அனைவரையும் அனுப்பிவிட்டு முடங்கியது. இதழ் பிறகு சிறிய அளவில் மீண்டும் எழுந்தது. எல்லாவற்றுக்கும் இணையமே காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பொய்யில்லை; ஆனால் அலுவலகத்துக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு, இணையம் முதலில் எதைத் தொட்டது, அது போனதும் எது போனது என்ற வரிசை தெரியும். அந்த வரிசையைத்தான் எழுத நினைக்கிறேன்.

எங்களுக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் எங்கள் வாசகர்களே. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் உட்கார்ந்து ஒரு மணிக்காட்டியையோ ஒலிபெருக்கியையோ செய்து பார்த்தவர்கள், தாங்கள் செய்ததை எழுதி, கையால் வரைந்த சுற்றுப்படத்தோடு தபாலில் அனுப்புவார்கள். சிலர் செய்த கருவியையே பஞ்சில் பொதிந்து அனுப்பிவைப்பார்கள். நாங்கள் படத்தை மறுபடி வரைந்து, உதிரிபாகப் பட்டியலைச் சேர்த்து, பக்கம் அமைத்து, புரூஃப் எடுப்போம். முக்கியமான வேலை அதன் பிறகுதான் தொடங்கும். அந்தப் புரூஃபை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் சோதனை மேசையில் அந்தக் கருவியை அடியிலிருந்து புதிதாகச் செய்ய வேண்டும். எழுதியவர் அனுப்பிய கருவியைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி. வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு படத்தில் இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி வைக்கப்படாமல் இருந்ததால், அவை இணைகின்றனவா, ஒன்றையொன்று தாண்டிப் போகின்றனவா என்று தெரியாமல், எழுதியவரிடம் கேட்பதற்காகத் தொலைபேசியை எடுத்தேன். எங்கள் மூத்த ஆசிரியர் எழுந்து வந்து, “போனைக் கீழே வையுங்கள். இதைப் படிக்கிறவர் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்?” என்றார். அவர் திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பக்கம் அச்சுக்குப் போகாது.

புரூஃபை மட்டும் நம்பிச் செய்த கருவி முதல் தடவையிலேயே இயங்குவது அரிது. எழுதியவரின் மேசையில் நன்றாக இயங்கிய ஒன்று எங்கள் மேசையில் ஏன் இயங்கவில்லை என்று தேடும்போதுதான், அவர் எழுத மறந்ததெல்லாம் வெளிப்படும். ஓர் எடுத்துக்காட்டு. பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தை நம்மை நோக்கித் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடக்கால் கலெக்டர், வலக்கால் எமிட்டர். 2என்3904 டிரான்சிஸ்டரை அதே போலப் பிடித்தால் இடக்கால் எமிட்டர், வலக்கால் கலெக்டர். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிக் கறுப்புத் துண்டுகள். பெரும்பாலான எளிய சுற்றுகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடலாம் என்று எழுதிவிடுவதும் எளிது. திருப்பிப் போட வேண்டும் என்பதைச் சொல்லாவிட்டால், கிடைத்ததைப் போட்டுச் செய்து பார்க்கும் புதியவர் இரண்டு இரவுகள் விழித்திருந்துவிட்டு, குறை தன்னிடம்தான் என்று நினைத்து இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவார். அதனால்தான் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் கால்களைக் காட்டும் படம் அதே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். இடம் போதவில்லை என்றால் கட்டுரையின் முன்னுரையை வெட்டுவோமே தவிர அந்தப் படத்தை எடுக்க மாட்டோம்.

கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புத் தகட்டில் பதிக்க வேண்டிய தடங்களின் படத்தை உண்மை அளவிலேயே அச்சிடுவதும் எங்கள் வழக்கம். வாசகர்கள் அதை ஒளிபுகும் தாளில் நகலெடுத்து, வீட்டிலேயே தகட்டில் தடங்கள் தவிர மற்றச் செம்பை அரித்துக்கொள்வார்கள். சில்லுகளின் (ஐசி) கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர். நாற்பது கால் சில்லில் ஒரு பக்கத்துக்கு இருபது கால்கள், பத்தொன்பது இடைவெளிகள், ஆக மொத்தம் 48.26 மில்லிமீட்டர். பிளேட் என்னும் அச்சுத் தகட்டைப் போடுவதற்கு முன், அதற்கு மூலமான ஃபிலிம் மேல் எஃகு அளவுகோலை வைத்து அந்த நீளத்தை அளந்து கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஒரு முறை அளவு சரியாக இருந்தும், அச்சகத்தில் ஃபிலிம் தலைகீழ்ப் பக்கமாக வைக்கப்பட்டுப் படம் கண்ணாடிப் பிம்பமாக அச்சாகிவிட்டது. மை போட்ட முதல் தாளை நான் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன், அன்று போகவில்லை. தகட்டை அரித்து, துளையிட்டு, எல்லாவற்றையும் சால்டர் வைத்து முடித்த பிறகு தவறைக் கண்ட வாசகர்களின் கடிதங்கள் அடுத்த வாரமே வரத் தொடங்கின. அவர்களுடைய இரவுகளை நான் வீணாக்கியிருந்தேன். அது இப்போதும் என்னை உறுத்துகிறது. அடுத்த இதழில் அந்தப் படத்தை முழுப் பக்கத்தில் மறுபடி அச்சிட்டோம். அன்றிலிருந்து ஒவ்வொரு தடப் படத்தின் மூலையிலும் இதழின் மாதத்தை எழுத்தில் சேர்த்தோம். செம்புப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்து நேராகப் படிக்க வந்தால் படம் சரி; திரும்பித் தெரிந்தால் தவறு.

இந்த வேலைக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்றால், விளம்பரத்திலிருந்து. பொது இதழில் விளம்பரம் வாசிப்பவரை இடைமறிக்கும் ஒன்று. எங்களைப் போன்ற இதழில் அதுவும் வாசிப்புத்தான். உதிரிபாக விற்பனையாளர்கள் எந்தச் சில்லு இருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் பட்டியல் கொடுப்பார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு அந்தப் பட்டியலில் பொருளைத் தேடிக் கோடு போட்டு வைப்பது வாசகர்களின் பழக்கம். இதழைத் திருப்பி அனுப்பி, ‘விளம்பரப் பக்கங்கள் குறைந்துவிட்டனவே’ என்று வருத்தப்பட்டு எழுதியவர்களும் உண்டு. விற்பனையாளர்கள் தங்கள் பட்டியலைச் சொந்த இணையதளத்தில் போட்டு, கையிருப்பை நாள்தோறும் மாற்றிக் காட்டத் தொடங்கியதும், மாதம் ஒரு முறை அச்சாகும் பட்டியலால் அவர்களுக்குப் பயனில்லாமல் போனது. அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. இணையம் எங்களை முதலில் தொட்ட இடம் கட்டுரையல்ல, இந்தப் பட்டியல்தான்.

அச்சுத் தொழிலின் கணக்கு அதன் பிறகு தானாக இறங்கியது. பக்கங்கள் பதினாறு பதினாறாக, ஃபாரம் கணக்கில்தான் கூடும், குறையும். விளம்பரம் குறைந்ததும் ஒரு ஃபாரம் போனது. பக்கம் குறைந்த இதழைக் கடையில் புரட்டிப் பார்த்து வாங்குபவர்கள் குறைந்தார்கள். விற்காத பிரதிகள் கட்டாகத் திரும்பி வந்தன. பிளேட் போடவும் இயந்திரத்தைத் தயார் செய்யவும் ஆகும் செலவு ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், பத்தாயிரம் பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால், அச்சிடும் எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு பிரதிக்கும் ஆன செலவு ஏறியது. அந்த நிலையில் நிர்வாகம் முதலில் மூடியது சோதனை மேசையை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதனால் எந்த மாற்றமும் தெரியாது. சோதிக்கப்பட்ட பக்கமும் சோதிக்கப்படாத பக்கமும் அச்சில் ஒன்று போலவே இருக்கும். நாங்கள் எதிர்த்தோம், ஆனால் வேறு எதை வெட்டலாம் என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இதழ் நின்றது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. என்னைக் கேட்டால், மேசையைக் காலி செய்து கருவிகளைப் பெட்டியில் போட்ட அன்றே அது முடிந்துவிட்டது.

அச்சில் வந்ததெல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. பில் கேட்ஸும் பால் ஆலனும் பார்த்துவிட்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கப் புறப்பட்ட ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ 1975 ஜனவரி அட்டையில் இருந்த ஆல்டேர் 8800 கணிப்பொறி வெறும் கூடு. இயங்கும் கருவியை அனுப்பியபோது அது வழியில் தொலைந்துபோனதால் முகப்பை மட்டும் செய்து படம் எடுத்தார்கள். ஆனாலும் பிழை நேரும் என்பதை ஏற்று, அதற்கு வழி செய்து வைத்திருந்த துறை இது. வாசகர்கள் பல பக்க நிரல்களைத் தட்டச்சு செய்து ஓட்டிய காலத்தில், ‘கம்ப்யூட்!’ இதழ் ‘ஆட்டோமேட்டிக் புரூஃப்ரீடர்’ என்ற சிறு நிரலையும் சேர்த்தே வெளியிட்டது. ஒவ்வொரு வரியையும் அடித்து முடித்ததும் அது திரையில் காட்டும் சரிபார்ப்புக் குறியீடு இதழில் அச்சாகியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வாசகரின் பிழையையும் தன் பொறுப்பாக நினைத்த ஓர் ஆசிரியர் குழு செய்த வேலை அது.

இன்று காணொளியில் ஒருவர் சால்டர் வைப்பதை அருகிலிருந்து பார்ப்பது போலப் பார்க்க முடிகிறது. எங்கள் பக்கங்கள் ஒருநாளும் கற்றுத்தந்திராத கைப்பக்குவம் அதில் கிடைக்கிறது. சந்தேகம் கேட்டால் அன்றே பதில் வருகிறது. ஆனால் ஒரு சுற்றுப்படத்தில் தவறு இருந்து, போட்டவர் அதைத் திருத்திவிட்டால், பழைய படத்தை ஏற்கனவே இறக்கி வைத்திருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. எடுத்து வேறிடத்தில் போட்டவர்களின் நகல்கள் தவறோடு உலவிக்கொண்டேயிருக்கும். எங்கள் இதழைப் பிடிஎஃப் வடிவில் கொடுக்கத் தொடங்கிய பிறகு நடந்தது இதற்கு நெருங்கியதுதான். அச்சுப்பொறி பக்கத்தைத் தாளுக்குள் அடக்க மூன்று விழுக்காடு சுருக்கினால், நாற்பது கால் சில்லின் தடம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்துவிடும். சில்லு துளைகளில் இறங்காது. ஃபிலிமில் நான் அளந்து கையெழுத்திட்ட 48.26 மில்லிமீட்டருக்கு அதன் பிறகு யாரும் பொறுப்பில்லை.

தப்பிப் பிழைத்த இதழ்களைப் பார்த்தால், அவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. 1915 டிசம்பரிலிருந்து வரும் ‘க்யூஎஸ்டி’ அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்களின் சங்க இதழ்; அங்கும் 2024 முதல் அச்சுப் பிரதி வேண்டும் உறுப்பினர்கள் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும். 1941-இல் தொடங்கிய ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழை வைத்திருந்த நிறுவனம் 2019-இல் திவாலானபோது, அமெரிக்க வானியல் சங்கம் அதை வாங்கிக் காப்பாற்றியது. எங்கள் பின்னால் அப்படி ஒரு சங்கம் இல்லை.

எங்கள் கடைசி இதழில் ஒரு பிழை இருந்தது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் எல்எம்317 சில்லைக் கொண்டு செய்யும் மின்வழங்கி. சில்லின் வெளியீட்டுக் காலுக்கும், வெளியீட்டு அளவை அமைக்கும் காலுக்கும் இடையே வரும் மின்தடை 240 ஓம் என்றிருக்க வேண்டியது, 2.4 கிலோ ஓம் என்று அச்சாகியிருந்தது. 5 கிலோ ஓம் மாறுமின்தடையின் குமிழைத் திருப்பினால் இருபத்தேழு வோல்ட் வரை போக வேண்டிய கருவி, சுமையை இணைத்ததும் ஏறக்குறைய நான்கு வோல்ட்டிலேயே நின்றுவிடும். யாராவது ஒருவர் ஒரு மாலை நேரம் செலவழித்துச் செய்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேசை மூடப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததால் யாரும் செய்து பார்க்கவில்லை. ஒரு வாசகரின் கடிதம் வந்தபோது அலுவலகத்தில் நாற்காலிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அன்றே பதில் எழுதினேன். மற்ற சந்தாதாரர்களின் முகவரிப் பட்டியல் அதற்குள் கைமாறிவிட்டிருந்தது. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என்னிடம் இருந்த பிரதியில், 31-ஆம் பக்கத்தில், அந்த மின்தடையின் அருகே பென்சிலால் 240 என்று எழுதி, மார்ஜினில் ‘திருத்தம்’ என்றும் தேதியும் குறித்து வைத்தேன். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் ஆர்வலர்கள் சிலர் பிறகு என்னிடம் வந்து கேட்டபோது, முழுத் தொகுப்பையும் கொடுத்தேன். கடைசி இதழுக்கு வேறொருவரிடமிருந்து சுத்தமான பிரதி கிடைத்திருப்பதாகவும், அதையே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். 31-ஆம் பக்கத்தை மட்டும் என் பிரதியிலிருந்து எடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அப்படியே செய்திருக்கிறார்கள்.