லேகியத்துக்கு 16,500 ரூபாய் கொடுத்த பிறகு கிடைத்த உண்மையான சிகிச்சை

எனக்கு வயது 44. விறைப்புத்தன்மை குறைந்துபோனதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதக் கூச்சத்தைத்தான் ஒரு கூட்டம் காசாக்கிக்கொண்டது. வேறு யாருக்கும் இப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ராத்திரி போனில் வந்த விளம்பரம் ஒன்றில் நம்பரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "அண்ணா, கூச்சப்படாதீங்க. டாக்டரோட உதவியாளர் பேசுறேன்" என்று ஒருவர் தன்மையாகப் பேசினார். வயது என்ன, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், சின்ன வயசில் கைப்பழக்கம் இருந்ததா என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு ஆமாம் என்றதும், "அதான் அண்ணா, நரம்புத் தளர்ச்சி" என்று முடிவே சொல்லிவிட்டார். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். 4,500 ரூபாய் அனுப்பினேன்.

பார்சலில் ஒரு டப்பா லேகியம், ஒரு எண்ணெய், முப்பது கேப்ஸ்யூல். பளபளவென்று குதிரைப் படம் போட்ட லேபிள். தயாரிப்பு உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. இதையெல்லாம் தேட வேண்டும் என்றே அப்போது எனக்குத் தெரியாது.

கேப்ஸ்யூல் வேலை செய்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. போட்ட ஒரு மணி நேரத்தில் முகம் சூடாகிச் சிவந்தது, மூக்கு அடைத்தது, தலை விண்விண்ணென்று வலித்தது, டியூப்லைட் வெளிச்சத்தில் லேசாக நீலம் தெரிந்தது. மூலிகையின் வீரியம் என்று நம்பி, அடுத்த 'தொண்ணூறு நாள் கோர்ஸு'க்கு 12,000 கட்டினேன். என்னோடு வேலை செய்யும் ஒரு அண்ணனுக்கும் பத்து கேப்ஸ்யூல் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

இரண்டாவது பார்சல் தீருகிற சமயத்தில் ராத்திரி நான்கைந்து முறை சிறுநீருக்கு எழ ஆரம்பித்தேன். கேட்டதற்கு, "கழிவு வெளியேறுது அண்ணா, நல்லது" என்றார்கள். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அரசு மருத்துவமனைக்குப் போன முதல் நாள் வீண். ஓபி சீட்டு கொடுப்பவர் "என்ன பிரச்சினை?" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பின்னால் இருபது பேர். "தலைவலி" என்று சொல்லி, பொது மருத்துவத்தில் பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நீங்கள் போனால் "யூராலஜி" (சிறுநீர், ஆண்குறிப் பிரச்சினைகளைப் பார்க்கும் பிரிவு) என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. யூராலஜி ஓபி எந்தக் கிழமை என்றும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது யூராலஜி டாக்டரைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிய முதல் ஆள் அவர்தான். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா, தூக்கம் எப்படி, நடந்தால் நெஞ்சு இறுக்குகிறதா, என்னென்ன மாத்திரை என்று கால் மணி நேரம் கேள்விதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன், ஈசிஜி எழுதிக்கொடுத்தார். டெஸ்டோஸ்டிரோனுக்கு நான் சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் நின்றேன். காலையில்தான் எடுக்க வேண்டுமாம். இன்னொரு நாள் லீவு.

வெறும் வயிற்றில் சர்க்கரை 214. மூன்று மாதச் சராசரி 9.1. சர்க்கரை நோய்தான். நரம்புத் தளர்ச்சியும் இல்லை, கைப்பழக்கத்தின் பாவமும் இல்லை. கைப்பழக்கத்தால் இப்படி வராது என்று அவர் அடித்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்குறிக்குப் போகும் ரத்தக் குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது, அதனால் அடைப்பு சில சமயம் இங்கேதான் முதலில் தெரியும் என்றார். நான் கூச்சப்பட்டு மறைத்த எட்டு மாதமும் சர்க்கரை உள்ளே ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மிச்சமிருந்த கேப்ஸ்யூல்களை அவரிடம் காட்டினேன். ஒன்றைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டினார். பழுப்புப் பொடிக்கு நடுவே வெள்ளைத் துகள். நீல வெளிச்சத்தையும் தலைவலியையும் சொன்னதும், சில்டெனாஃபில் கலந்திருக்கலாம் என்றார். 1998-இல் வயாகராவாக வந்த அதே மருந்து. மூலிகை என்று விற்பவற்றில் இதை ஒளித்துக் கலப்பதை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறதாம். சார்பிட்ரேட் போடுபவர் இதைச் சாப்பிட்டால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். வெளியே வந்ததும் அந்த அண்ணனுக்குத்தான் முதல் போன்.

எனக்கும் கடைசியில் அதே சில்டெனாஃபில்தான் எழுதினார். ஆனால் ஈசிஜி பார்த்து, சர்க்கரைக்கு மருந்து தொடங்கி, அளவு சொல்லி, கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாமதமாகும் என்று விளக்கி. சீட்டைக் காட்டி வாங்கிய நான்கு மாத்திரைக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய நிறுவனமே இருக்கிறது. அங்கெல்லாம் ஆளைப் பார்த்துத்தான் மருந்து. ஆண்மை பெருகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் அந்த விளம்பரத்தைப் பார்த்தாலே விலகிவிடுங்கள். எண்ணெய் தடவினால் நீளம் கூடும் என்பது பச்சைப் பொய்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது 'ரீஃபண்டு கட்டணம்' 1,500 கேட்டார்கள். மறுத்ததும், வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டல். அன்று ராத்திரியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காலை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அவளே டயல் செய்து என்னிடம் போனைக் கொடுத்தாள்.

புகார் எண் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. மிச்ச லேகியத்தையும் லேபிளையும் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது. சர்க்கரைச் சராசரி போன வாரம் 7.2.