பட்டியலில் வராத ஆக்சஸ் பாயின்ட்

வைஃபை வழங்கும் கருவியான ஆக்சஸ் பாயின்டை (சுருக்கமாக ஏபி) கூரையில் மாட்டிக் கேபிளையும் செருகியாகிவிட்டது, ஆனால் ஏபிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலர் மென்பொருளில் சாதனப் பட்டியல் காலியாகவே இருக்கிறது என்று சொல்லித்தான் பலரும் என்னை அழைக்கிறார்கள். அழைப்பதற்குள் அவர்கள் மென்பொருளை ஒருமுறையாவது நீக்கி மீண்டும் நிறுவியிருப்பார்கள். ஏபியின் ரீசெட் பொத்தானைக் குண்டூசியால் குத்தியும் பார்த்திருப்பார்கள். பெட்டியில் இருந்த இன்னொரு ஏபியை மாட்டி, அதுவும் வரவில்லை என்று கண்டு, வாங்கிய சரக்கே மட்டம் என்ற முடிவுக்கும் வந்திருப்பார்கள். பட்டியல் காலியாக இருப்பதால் ஏபி பழுது என்று ஆகிவிடாது. இந்தச் சிக்கலில் மென்பொருளின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அநேகமாக ஒன்றும் தெரியவராது என்பதும், கேட்க வேண்டிய கேள்விகளை ஏபியிடமே கேட்க வேண்டும் என்பதும்தான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. நான் அதிகம் புழங்கும் யுபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபை சாதனங்களை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்பது தெளிவாக வேண்டும். கன்ட்ரோலர் நெட்வொர்க் முழுவதும் அலைந்து ஏபிகளைப் பிடித்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏபிதான் கன்ட்ரோலரைத் தேடி வருகிறது. புதிய ஏபி மின்சாரம் பெற்று, ஐபி முகவரி வாங்கியதும், யூடிபி 10001 என்ற போர்ட்டில் (போர்ட் என்பது சேவைக்குச் சேவை மாறும் எண்ணிட்ட வாசல், யூடிபியும் டிசிபியும் செய்தி அனுப்பும் இரண்டு முறைகள்) தான் இருப்பதை அந்த நெட்வொர்க்குக்கு அறிவிக்கிறது. கூடவே, ‘யூனிஃபை’ என்ற பெயர் கொண்ட கணினி எங்கே இருக்கிறது என்று, பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் விசாரித்து, கிடைக்கும் முகவரியின் 8080 என்ற டிசிபி போர்ட்டுக்கு ‘இன்ஃபார்ம்’ எனப்படும் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தியோ முதல் அறிவிப்போ, இரண்டில் ஒன்றாவது கன்ட்ரோலரை எட்டினால்தான் பட்டியலில் ஒரு வரி சேரும். எதுவும் எட்டாதவரை திரையை எத்தனை முறை புதுப்பித்தாலும் பயனில்லை.

ஆகவே என் சோதனை கன்ட்ரோலரில் தொடங்குவதில்லை, கூரையில் தொடங்குகிறது. யூனிஃபை ஏபியின் விளக்கு நிலையாக வெள்ளையாக எரிந்தால் அது யாருடைய நிர்வாகத்திலும் சேராமல் காத்திருக்கிறது என்றும், நிலையாக நீலமாக எரிந்தால் ஏற்கெனவே ஒரு கன்ட்ரோலரில் சேர்ந்துவிட்டது என்றும் பொருள். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். (விளக்கை அணைத்துவைக்கும் வசதி அமைப்புகளில் இருப்பதால், யாரோ எப்போதோ அணைத்துவிட்டுப் போன ஏபியைச் செத்துவிட்டது என்று கழற்றி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.) ஏசி லைட் போன்ற மாடல்களின் ஆரம்பகாலத் தயாரிப்புகள் 24 வோல்ட் பேசிவ் பிஓஇயில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் முறை பிஓஇ, எதிர்முனையோடு பேசிப்பார்க்காமல் நேராக அனுப்புவது பேசிவ்) மட்டுமே இயங்குபவை, 802.3ஏஎஃப் தரத்தில் மின்சாரம் தரும் ஸ்விட்ச்சில் அவற்றைச் செருகினால் உயிரே வராது. மாறாக, யூ6 எல்ஆர் போன்றவை 802.3ஏடி தரத்தை, அதாவது பிஓஇ பிளஸ்ஸைக் கேட்பவை. ஸ்விட்ச்சின் ஏஎஃப் போர்ட் தருவது அதிகபட்சம் 15.4 வாட், ஏடி போர்ட் தருவது 30 வாட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு ஸ்விட்ச் வாங்குவது நல்லது.

விளக்கு எரிகிறது, ஆனால் டேட்டா போகவில்லை என்ற நிலையும் உண்டு. கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் சிறு பெட்டிகளான பேசிவ் இன்ஜெக்டர்கள் பொதுவாக 4, 5, 7, 8 ஆகிய கம்பிகளில் மின்சாரத்தை அனுப்புகின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் டேட்டா 1, 2, 3, 6 ஆகிய கம்பிகளில் போகிறது. கேபிள் முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்யும்போது முதல் கம்பி சரியாகக் கடிபடாமல் போனால், ஏபி கம்பீரமாக எரிந்துகொண்டிருக்கும், ஒரு பாக்கெட்கூட வெளியே வராது. இன்ஜெக்டரின் ‘லேன்’ துளையிலிருந்து ஸ்விட்ச்சுக்குப் போக வேண்டிய கேபிளைச் செருகாமலே விட்டாலும் இதே காட்சிதான்.

அடுத்தது ஐபி முகவரி. ஏபியின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரியை, அதாவது அந்தச் சாதனத்தின் தனி அடையாள எண்ணை, மேலே மாட்டுவதற்கு முன்பே கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) பட்டியலில் அந்த மேக் எந்த ஐபியை வாங்கியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிச் சங்கதி வெளிப்பட்டுவிடும். பட்டியலில் அது இல்லாவிட்டால், டிஹெச்சிபி கிடைக்காமல் ஏபி தன் இயல்பு முகவரியான 192.168.1.20 என்பதில் உட்கார்ந்திருக்கும். மடிக்கணினிக்கு அதே வரிசையில் ஓர் எண்ணைக் கொடுத்து நேரடியாக இணைத்தால் பிங் (எட்டுகிறதா என்று கேட்கும் சோதனை) பதில் வரும். முகவரி கிடைக்காததற்கு நான் அடிக்கடி காண்கிற காரணம் விலேன் அமைப்பு, அதாவது ஒரே ஸ்விட்ச்சை எண்ணிட்ட பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. புது ஏபிக்கு எந்த டேகும் (விலேன் எண்ணைக் காட்டும் முத்திரை) தெரியாது, அது டேக் இல்லாமல்தான் பேசும். ஸ்விட்ச்சில் பல விலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் எல்லா விலேன்களையும் டேக் செய்துவிட்டு டேக் இல்லாத பேச்சுக்கான நேட்டிவ் விலேன் எதையும் வைக்காவிட்டால் அதன் பேச்சை வாங்கிக்கொள்ள ஆளில்லை. விடுதிக் கட்டடங்களில் இன்னொரு கூத்து நடக்கும். யாரோ ஒரு மாணவர் தன் அறைக்கென்று வாங்கிய வீட்டு ரவுட்டரைச் சுவர்த் துளையில் தவறான பக்கம் செருகிவிட, அது அந்தத் தளம் முழுவதற்கும் தன் போக்கில் ஐபி வழங்கத் தொடங்கிவிடும். ஏபி நம் வரிசையில் இல்லாத ஓர் எண்ணோடு நின்றால் முதலில் இப்படி ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்விட்ச்சில், அந்நியர் ஐபி வழங்குவதைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கிவைத்தால் இந்தத் தொல்லை ஒழியும்.

ஐபி தெரிந்துவிட்டால் நேராக ஏபிக்குள்ளேயே போய்விடலாம். தொலைவிலிருந்தே கட்டளை தர உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால், இன்னும் எந்தக் கன்ட்ரோலரிலும் சேராத ஏபிக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ‘யுபிஎன்டி’ என்ற ஒரே சொல்தான். சேர்ந்துவிட்ட ஏபி என்றால் கன்ட்ரோலரின் சாதன அங்கீகாரப் பகுதியில் உள்ளவற்றைக் கொடுக்க வேண்டும். உள்ளே ‘இன்ஃபோ’ என்று தட்டினால் மாடல், ஃபர்ம்வேர், மேக், ஐபி ஆகியவற்றுக்குக் கீழே ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு வரி வரும். அதில் ஒரு சிறு தொடரும், அதன் அருகே அடைப்புக்குள் ஏபி தேடிக்கொண்டிருக்கும் முகவரியும் இருக்கும். மென்பொருள் சொல்லாத விடையை இந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது.

அங்கே ‘அனேபிள் டு ரிசால்வ்’ என்று இருந்தால், ‘யூனிஃபை’ என்ற பெயருக்கு டிஎன்எஸ் பதில் தரவில்லை. கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்றே ஏபிக்குத் தெரியவில்லை. ‘டைம்அவுட்’ என்று இருந்தால் முகவரி தெரிந்திருக்கிறது, அங்கிருந்து பதில்தான் இல்லை. வழியில் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது அடைப்புக்குள் இருப்பது பழைய கணினியின் எண். ‘சர்வர் ரிஜெக்ட்’ என்பதைக் கண்டு பலர் கலங்கிப்போகிறார்கள், எனக்கோ அதைக் கண்டால் நிம்மதி. ஏபியின் செய்தி கன்ட்ரோலரை எட்டிவிட்டது, கன்ட்ரோலர் அதை இன்னும் தன்னுடையதாக ஏற்கவில்லை என்பதே அதன் பொருள். போய், ஏற்றுக்கொள் என்று பொருள்படும் ‘அடாப்ட்’ பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். கேபிள், ஐபி, ரவுட்டிங், ஃபயர்வால் எல்லாம் சரி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

முகவரி தெரியாத ஏபிக்கு முகவரியைச் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் உள்ளன. இது ஏன் தேவைப்படுகிறது என்றால், யூடிபி 10001 அறிவிப்பு ஒரு சப்நெட்டுக்குள், அதாவது ஒரே ஐபி வரிசைக்குள்தான் சுற்றும். தெருவில் நின்று கூவினால் அந்தத் தெருவுக்குத்தான் கேட்கும். ஏபிகள் ஒரு விலேனிலும் கன்ட்ரோலர் இன்னொரு விலேனிலும், அல்லது கன்ட்ரோலர் மேகக்கணிமையில் எங்கோ இருக்கும்போது, தானாகக் கண்டுபிடிக்கும் என்று காத்திருப்பது வீண். ஒன்றிரண்டு ஏபிகள்தான் என்றால், எஸ்எஸ்ஹெச்சில் ‘செட்-இன்ஃபார்ம்’ என்ற கட்டளையோடு கன்ட்ரோலரின் முழு முகவரியையும் 8080 போர்ட்டையும் கொடுத்துவிடலாம். பழைய பதிப்புகளில் அடாப்ட் அழுத்திய பிறகு இதே கட்டளையை இரண்டாம் முறையும் தர வேண்டியிருக்கும். நிறைய ஏபிகள் என்றால் டிஎன்எஸ்ஸில் ‘யூனிஃபை’ என்ற பெயருக்கு ஒரு பதிவு போட்டுவிடுவதே எளிது. மூன்றாவது வழி, ஐபியோடு கூடவே கன்ட்ரோலரின் முகவரியையும் ஏபிக்கு அனுப்பும் டிஹெச்சிபியின் 43ஆம் ஆப்ஷன். 01, 04 என்ற இரண்டு பைட்டுகளுக்குப் பின் கன்ட்ரோலரின் ஐபியைப் பதினாறடிமானத்தில் எழுத வேண்டும், 192.168.10.5 என்றால் சி0, ஏ8, 0ஏ, 05 என்று வரும். இதில் ஓர் இலக்கம் பிசகினாலும் யாரும் எச்சரிக்க மாட்டார்கள், ஏபி இல்லாத ஊருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் டிஎன்எஸ் நம் கையில் இருக்கும் இடங்களில் நான் 43ஐத் தொடுவதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்து ‘டைம்அவுட்’ மட்டும் நீடித்தால்தான் கன்ட்ரோலர் ஓடும் கணினிக்கு வருகிறேன். விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று குறித்துக்கொண்டிருந்தால் உள்ளே வரும் இணைப்புகளை அதன் ஃபயர்வால் மறித்துவிடும். டிசிபி 8080, யூடிபி 10001, யூடிபி 3478 ஆகியவை திறந்திருக்க வேண்டும். 8080ஐ வேறொரு மென்பொருள், குறிப்பாக டாம்கேட் போன்ற வெப் சர்வர், முன்பே பிடித்துவைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மடிக்கணினியை விருந்தினர் வைஃபையில் இணைத்துவிட்டு ஏபியைத் தேடுவோரும் உண்டு. கிளையன்ட் ஐசொலேஷன் இயங்கும் நெட்வொர்க்கில் பக்கத்துச் சாதனம்கூடக் கண்ணில் படாது.

கன்ட்ரோலரை டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வலை விரித்திருக்கிறது. ஏபி பட்டியலில் வரும். அடாப்ட் அழுத்தியதும் சிறிது நேரம் சுழன்றுவிட்டுத் தோல்வி என்று விழும். கன்டெய்னருக்குள் இருக்கும் கன்ட்ரோலர், தன் உள் முகவரியான 172.17 வரிசை எண்ணை ஏபியிடம் தன் முகவரியாகச் சொல்லிவிடுகிறது. ஏபியும் அதை நம்பி, வெளியிலிருந்து எட்டவே முடியாத அந்த எண்ணைத் தேடிப் போகிறது. அமைப்புகளில் ‘ஓவர்ரைடு இன்ஃபார்ம் ஹோஸ்ட்’ என்பதைத் தேர்ந்து, டாக்கர் ஓடும் கணினியின் உண்மையான ஐபியை எழுதினால் தீர்ந்துவிடும்.

மற்ற நிறுவனங்களின் சாதனங்களிலும் இதே வரிசையில் தேடலாம், எண்களும் பெயர்களும்தான் மாறும். டிபி-லிங்க் ஓமாடா கண்டறிதலுக்கு யூடிபி 29810ஐப் பயன்படுத்துகிறது. சிஸ்கோவின் ஏபிகள் 2009இல் வரையறுக்கப்பட்ட கேப்வேப் நெறிமுறையில் யூடிபி 5246, 5247 வழியாகப் பேசுகின்றன. அங்கே கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு: பழைய ஏபிகளில் தொழிற்சாலையிலேயே பதித்த சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டுகள். அது முடிந்த ஏபி முந்தைய நாள்வரை நன்றாக வேலை செய்திருந்தாலும், ஒருமுறை மறுதொடக்கம் ஆனதும் கன்ட்ரோலரில் சேர மறுக்கலாம். காலாவதியைப் பொருட்படுத்தாதே என்று கன்ட்ரோலரிடம் சொல்லும் அமைப்பை அதற்கென்றே பின்னர் தந்தார்கள்.

பழைய ஏபியை வாங்கி மாட்டும்போது அது வேறொரு கன்ட்ரோலரின் நிர்வாகத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு பட்டியலில் வரலாம். அப்போதுதான் ரீசெட் பொத்தானுக்கு உண்மையான வேலை. மின்சாரம் ஓடும்போதே பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய உறவு அறுந்துவிடும். கன்ட்ரோலர் கணினியை மாற்றும்போதும் இதே குறிப்பு வரக்கூடும். ஏபிகள் பழைய முகவரியையே நினைவில் வைத்திருப்பதால், பட்டியலில் தொடர்பற்றவையாகத் தெரிந்தாலும் வைஃபையை வழக்கம்போல் வழங்கிக்கொண்டிருக்கும். விருந்தினர் நுழைவுப் பக்கம் மட்டும் திறக்காது. ஏபிகள் கன்ட்ரோலரைப் பெயரால் தேடும்படி முன்பே அமைத்திருந்தால் டிஎன்எஸ் பதிவை மாற்றினாலே அவை புது இடத்துக்கு வந்துவிடும். ஆனால் அங்கே பழைய பேக்கப்பை ஏற்றியிருக்க வேண்டும். ஏபியோடு பேசுவதற்கான சாவிகள் அதில்தான் இருக்கின்றன. பேக்கப் இல்லாமல் புதிதாக நிறுவிய கன்ட்ரோலருக்கு அதே ஐபியைக் கொடுத்தாலும் ஏபிகள் அதை அந்நியமாகவே நடத்தும், பழைய எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல்லும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏணி ஏறித்தான் ஆக வேண்டும்.