சோங் பாங் சந்தையும் இரட்டைப்படை நாள்களும்

2020 ஜனவரியில் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வந்து, ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குடியேறியபோது, எனக்கு இருந்த பெரிய கவலை குழந்தைக்கு நாள்தோறும் கீரை கிடைக்குமா என்பதுதான். ஊரில் உழவர் சந்தைக்கு நடந்தே போய்ப் பழகியவள் நான். 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கித் தமிழகம் முழுவதும் பரவிய அந்தச் சந்தைகளில், அடையாள அட்டை வைத்திருக்கும் உழவரே தம் விளைச்சலைக் கொண்டுவந்து விற்பார். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். வெண்டைக்காய் எந்த ஊரில் பறித்தது என்று கேட்டால் பதில் வரும். இங்கே நான் முதலில் தேடியதும் அப்படி ஒருவரைத்தான். பரப்பளவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நிலமே பயிருக்கு இருக்கும் தீவில், உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வரும் நாட்டில், அப்படி ஒருவரைக் காண்பது எளிதன்று என்பது சில வாரங்களில் புரிந்தது. கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணைகள் உண்டு. ஆனால் அன்றாடக் காய்கறிக்காக அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை.

பிப்ரவரி 7ஆம் தேதி, கொவிட்-19 காரணமாக, சிங்கப்பூரின் நோய்த்தொற்று எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தப்பட்டது. அன்று மாலை பேரங்காடியில் அரிசியும் உடனடி நூடல்ஸும் இருந்த அடுக்குகள் வெறுமையாக நின்றதைக் கண்டு, வந்து ஒரு மாதம்கூட ஆகாத எனக்குக் கைகால் நடுங்கியது. கிடைத்த அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வீடு திரும்பியபோது, எதிர்வீட்டில் தனியாக வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஆன்ட்டி கதவருகே நின்று பார்த்தார். "அரிசி எங்கேயும் போயிடாதும்மா. கீரை எங்கே கிடைக்கும்னு தெரியுமா உனக்கு? நாளைக்குக் காலையில என்னோட வா" என்றார். அப்படித்தான், காய்கறியும் மீனும் விற்கும் சோங் பாங் ஈரச்சந்தைக்கு முதன்முதலாகப் போனேன்.

அங்கே உழவர் யாரும் இல்லை. ஆனால் நள்ளிரவில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கெடுத்து, விடியுமுன் கடையை அடுக்கிவிடும் வியாபாரிகள் இருந்தார்கள். முளைக்கீரையை 'பாயாம்' என்றும் காராமணிக்காயை 'காச்சாங் பாஞ்சாங்' என்றும் கேட்க ஆன்ட்டி சொல்லிக்கொடுத்தார். சீனக் கடைக்காரம்மா மலாய்ச் சொல்லில் விலை சொல்ல, நான் விரலால் எண்ணிக் காட்ட, மூன்றாவது வாரத்தில் அவரே எனக்காக ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கினார். இந்த ஊரில் என்னை அடையாளம் கண்டுகொண்ட முதல் அயலார் அவர்தான் என்பதை இன்றும் நெகிழ்ச்சியுடன் நினைக்கிறேன்.

மார்ச் 16ஆம் தேதி இரவு மலேசியா தன் எல்லையை மூடப்போவதாக அறிவித்தபோது மறுபடியும் பேரங்காடிகளில் வரிசை நீண்டது. மனிதர்களின் போக்குவரத்துதான் நிற்கும், சரக்கு லாரிகள் ஓடும் என்று மறுநாள் தெளிவாகும்வரை, மலேசியாவோடு நம்மை இணைக்கும் ஜோகூர்ப் பாலத்தை நம்பித்தான் நம் அடுப்பு எரிகிறது என்பதைப் பலரும் அந்த ஓரிரவில் உணர்ந்திருப்பார்கள். லாரிகள் வந்தன, கீரையும் வந்தது. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும்தான் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கிய பிறகு சில நாள்கள் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம், அதாவது சிங்கப்பூரின் ஊரடங்கு, நடப்புக்கு வந்தது. இணையத்தில் மளிகை வாங்கலாம் என்றார்கள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் நேரங்கள் எல்லாம் முன்பே நிரம்பியிருக்க, நள்ளிரவுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் பல. திறன்பேசி இல்லாத ஆன்ட்டிக்கு அந்த வழியும் இல்லை. ஏப்ரல் 22 முதல் கூட்டம் அதிகமான நான்கு சந்தைகளில் ஒரு புதிய விதி வந்தது: கேலாங் சிராய், மார்சிலிங், ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 52, எங்கள் சோங் பாங். அடையாள எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படையானால் இரட்டைப்படைத் தேதியில் மட்டும், ஒற்றைப்படையானால் ஒற்றைப்படைத் தேதியில் மட்டும் உள்ளே போகலாம். என் எண் நான்கில் முடிகிறது, கணவருடையது ஏழில். எங்கள் வீட்டுக்கு எல்லா நாளும் சந்தை திறந்திருந்தது; தனியாக வாழ்பவர்களுக்குப் பாதி நாள்தான்.

ஆன்ட்டியை வெளியே போகவேண்டாம் என்று அவருடைய பிள்ளைகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இரட்டைப்படை நாள்களில் அவருடைய பையும் என் கையில் இருந்தது. முந்தின மாலை அவர் மீன்காரருக்கு வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்துப் பேசிவிடுவார். காலையில் வேலி போட்ட ஒரே வாயிலில் அட்டையைக் காட்டி நான் உள்ளே நுழையும்போது, செவுள் சிவந்த மீன் அவருடைய பெயர் எழுதிய பையில் காத்திருக்கும். நாட்டில் போதுமான உணவு இருப்பு உண்டு என்ற அரசின் அறிவிப்பு உண்மைதான். நான் அதை மதிக்கிறேன். ஆனால் கிடங்கில் இருக்கும் உணவு ஒரு முதியவரின் சமையலறைக்கு வந்து சேர, அவரை அறிந்த மீன்காரரும் நடந்துபோகும் தொலைவில் ஒரு சந்தையும் வேண்டியிருந்தன.

மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடிவிட்டதாக அப்பா தொலைபேசியில் சொன்னார். அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்குத் தொற்று போய்ச் சேர்ந்த செய்தியைக் கேட்டபோது, எங்கள் சந்தையின் வேலியும் வரிசையும் எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. சந்தையை முழுதாக மூடுவதைவிட, கூட்டத்தைப் பிரித்துத் திறந்து வைத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் இங்கும் எல்லாம் தடுக்க முடிந்ததாக இல்லை. 2021 ஜூலையில் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொற்று பல சந்தைகளின் மீன்கடைகளுக்குப் பரவி, துறைமுகம் இரு வாரங்கள் மூடப்பட்டது. அந்த நாள்களில் மீன்காரர் தொலைபேசியில் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டார், தன் தவறு எதுவும் இல்லாதபோதும்.

இவ்வளவும் சொல்லும்போது என் சித்தி மகனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டுமான வேலைக்கு வந்து, தங்கும் விடுதியில் இருந்தவன். ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போய், கறிவேப்பிலை, புளி, மீன் வாங்கி விடுதிச் சமையலறையில் தானே சமைத்துக்கொள்வான். 2020 ஏப்ரலில் விடுதிகளைவிட்டு வெளியே போகத் தடை வந்த பிறகு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குப் பொட்டலச் சாப்பாடு வந்தது. பட்டினி இல்லை. ஆனால் காய்ச்சல் வந்த அறைத்தோழனுக்கு ஒரு ரசம் வைத்துத்தர வழியில்லை என்று அவன் சொன்னபோது, நான் வாங்கிவைத்திருந்த கீரைக்கட்டைப் பார்க்கவே முடியவில்லை. நாங்கள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று எண்ணிக்கொண்டிருந்த சந்தைக்கு, அவர்களுக்கு எந்தத் தேதியும் இல்லை. நான் அனுப்ப நினைத்த பொருள்களும் விடுதி வாயிலைத் தாண்டவில்லை.

2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டுக்கொண்ட விடுதித் தொழிலாளர்களில் வாரத்துக்கு 500 பேர்வரை லிட்டில் இந்தியாவுக்குச் சில மணி நேரம் அழைத்துச் செல்லும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. அவனுடைய முறை வர மேலும் சில வாரங்கள் ஆயின. அன்று மாலை எனக்கு ஒரு படம் அனுப்பினான். கோயிலும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. அவன் உள்ளங்கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கீழே ஒரு வரி: "இன்னைக்கு ரசம், அக்கா."